புகையிலையும் நோயும்: உண்மை கண்டறியப்பட்ட வரலாறு



“புகைத்தல் உடல்நலத்துக்குத் தீங்கானது” என்னும் வாக்கியத்தை நீங்கள் சிறு வகுப்புகளிலிருந்தே எழுதி வருகின்றீர்கள். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திற்கு இது பழகிய விடயம். பலர் மனனம் செய்து எழுதிப் புள்ளியும் பெற்றுவிடுகின்றனர். ஆனால் “இது உனக்கு எப்படித் தெரியும்? என்னுடைய அம்மப்பா எண்பது வயது வரை சுருட்டுப் பிடித்தவர், அவருக்கு ஒன்றும் வரவில்லையே” என்று நண்பரொருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மனனம் செய்த வாக்கியம் அந்த இடத்தில் உதவாது. உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்ற வரலாறு தெரிந்திருந்தால் மட்டுமே பதில் சொல்லலாம். அவ்வரலாற்றையே இங்கு நோக்கவுள்ளோம்.

முதலில் ஒரு சிக்கலை விளங்கிக்கொள்ள வேண்டும். நச்சுக்காயைத் தின்றவர் அன்றே நோயுறுகின்றார். ஆகவே காரணம் உடனே தெரிகின்றது. புகையிலை அப்படியானதன்று. பதினெட்டு வயதில் தொடங்கியவருக்கு ஐம்பது வயதிலேயே நோய் வெளிப்படுகின்றது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஊரில் ஏறத்தாழ எல்லோருமே புகைத்தால், நோயுற்றவரும் புகைப்பார், நோயில்லாதவரும் புகைப்பார். அவ்வூரில் இருந்துகொண்டு வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு எந்த வேறுபாடும் தென்படாது. இந்த இரண்டாவது சிக்கலை நன்றாக மனதில் இருத்திக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் எமக்கு இது பின்னர் தேவைப்படும்.

லண்டனில் எண்ணிப் பார்த்தார்கள்

நுரையீரற் புற்றுநோய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரிதாகவே காணப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்ததாகப் பதிவானோர் 612 பேர். 1947இல் அத்தொகை 9,287 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் 15 மடங்கு! மோட்டார் வாகனப் புகை காரணமா, தெருக்களுக்கு இடப்படும் தாரிலிருந்து எழும் ஆவி காரணமா என்றெல்லாம் ஐயம் எழுந்தது. ஆய்வைத் தொடங்கியபோது ரிச்சர்ட் டொல் என்னும் வைத்தியரும் தெருத் தாரைத்தான் பெரிதும் சந்தேகித்தார். அப்போது அவர் ஒரு புகைப்பவர் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

டொல்லும் புள்ளிவிபரவியலாளரான ஒஸ்ரின் பிராட்போட் ஹில்லும் லண்டனின் 20 வைத்தியசாலைகளில் ஆய்வு நடத்தினர். நுரையீரற் புற்றுநோய் உள்ள ஒவ்வொருவருக்கும், அதே பாலினத்தையும் வயதுப் பிரிவையும் சேர்ந்த, ஆனால் அந்நோய் இல்லாத வேறொரு நோயாளியைச் சோடியாகத் தெரிந்தனர். இரு சாராரிடமும் அதே வினாக்களைக் கேட்டனர். 1950 செப்ரெம்பரில் வெளியான முடிவைப் பாருங்கள். புற்றுநோயுள்ள 649 ஆண்களுள் ஒருபோதும் புகைக்காதவர்கள் 2 பேர் மாத்திரமே. ஒப்பீட்டுக்கு எடுத்த 649 ஆண்களுள் புகைக்காதவர்கள் 27 பேர்.

இந்த இரண்டாவது எண்ணை ஒரு தடவை கணித்துப் பாருங்கள். 649இல் 27 என்பது நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேர். அதாவது அந்நோய் இல்லாதவர்களிலும் 96 சதவீதமானோர் புகைப்பவர்களே. அக்காலத்து லண்டனில் ஆண்கள் எல்லோரும் புகைத்தார்கள் என்றே சொல்லிவிடலாம். அதனாற்றான் தெருவிலும் வைத்தியசாலையிலும் நின்று பார்த்தவர்களுக்கு ஆபத்து கண்ணிற் படவில்லை. புகைக்காத அந்தச் சிறு தொகையினரைத் தேடி எடுத்து, அவர்களிடையே நோய் எவ்வளவு அரிது என்று ஒப்பிட்ட பின்னரே உண்மை வெளிவந்தது. முடிவுகள் தெளிவாகத் தொடங்கியதும் டொல் புகைத்தலைக் கைவிட்டார்.

அதே 1950இல் அமெரிக்காவில் ஏர்னஸ்ட் வைண்டரும் எவாட்ஸ் கிரஹாமும் இதே முடிவை வெளியிட்டனர். கிரஹாம் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். 1933இல் புற்றுநோய் கண்ட ஒரு நுரையீரலை முழுமையாக அகற்றி நோயாளியைக் காப்பாற்றியவர். அவரும் நெடுங்காலம் புகைத்தவர்; ஆய்வு முடிவுக்குப் பின் நிறுத்தினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1957இல் நுரையீரற் புற்றுநோயாலேயே அவர் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அதன் பின்னரும் உயிர் வாழ்ந்தார். (இவர்களுக்கு முன்பே ஜேர்மனியில் 1939இல் பிரான்ஸ் ஹேர்மன் முல்லர் இவ்வாறான ஓர் ஒப்பீட்டைச் செய்திருந்தார். உலகப் போர் அதனை மூடி மறைத்துவிட்டது.)

தொடர்பு வேறு, காரணம் வேறு

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நோயுற்ற பின்னர் பழையதை நினைவுகூரும்படி கேட்டால் ஒருவர் கூட்டியோ குறைத்தோ சொல்லலாம் அல்லவா? ஆகவே டொல்லும் ஹில்லும் 1951இல் பிரித்தானிய வைத்தியர்களுக்குக் கடிதம் அனுப்பினர். “நீங்கள் புகைப்பவரா, எவ்வளவு?” என்று நோய் வருவதற்கு முன்னரே கேட்டுப் பதிந்துகொண்டு, பின்னர் யார் எந்நோயால் இறக்கின்றார் என்று ஆண்டுதோறும் கவனித்தனர். சுமார் 40,000 வைத்தியர்கள் பதிலளித்தனர். முதலாவது முறை பின்னோக்கிப் பார்ப்பது, இது முன்னோக்கிப் பார்ப்பது. இவ்வேறுபாட்டை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள்.

1954இல் வந்த முதல் முடிவுகளின்படி, 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் வைத்தியர்களிடையே நுரையீரற் புற்றுநோயால் ஏற்பட்ட இறப்பு வீதம், ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு, பின்வருமாறு அமைந்தது: நாளொன்றுக்கு 15 கிராமுக்குக் குறைவான புகையிலையைப் புகைத்தோரிடையே 0.48, 15 முதல் 24 கிராம் வரை புகைத்தோரிடையே 0.67, 25 கிராமும் அதற்கு மேலும் புகைத்தோரிடையே 1.14. புகைக்காதவர்களிடையே பூச்சியம். (ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 1 கிராம் புகையிலை என்று கொள்க.) படிப்படியாக ஏறும் இந்த எண்களே மிக வலுவான சான்று. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகின்றது. நிறுத்தினால் ஆபத்து குறைகின்றது. இது தற்செயலாக நிகழக்கூடியதன்று.

எனினும் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. புள்ளிவிபரவியலின் மேதையான ரொனால்ட் பிஷர், புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரையலகு தோற்றுவிக்கலாம் என்று வாதிட்டார். அவர் ஒரு குழாய்ப் புகைப்பாளர். அவருடைய வாதம் முட்டாள்தனமானதன்று. விஞ்ஞானத்தில் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் புகைத்தலை நிறுத்திய வைத்தியர்களுக்கு ஆபத்து குறைந்ததை அவ்வாதத்தால் விளக்க முடியவில்லை. நிறுத்தியவரின் பரம்பரையலகு மாறிவிடுவதில்லையே! 1965இல் பிராட்போட் ஹில் ஒரு தொடர்பைக் காரணம் என்று கொள்வதற்கு எவற்றையெல்லாம் நோக்க வேண்டும் என்று ஒன்பது அம்சங்களை எடுத்துக் கூறினார். தொடர்பின் வலு, பல இடங்களிலும் அதே முடிவு கிடைத்தல், காரணம் முந்தி விளைவு பிந்தி வருதல், அளவுக்கேற்ற விளைவு ஆகியன அவற்றுள் அடங்கும்.

வைத்தியர்களின் ஆய்வு ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. 2004இல் வெளியான முடிவு இதுவாகும்: வாழ்நாள் முழுவதும் சிகரெட் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முந்தி இறந்தனர். 60 வயதில் நிறுத்தியவர்கள் சுமார் 3 ஆண்டுகளையும், 50 வயதில் நிறுத்தியவர்கள் 6 ஆண்டுகளையும், 40 வயதில் நிறுத்தியவர்கள் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ முழுவதையும் மீட்டனர். உங்கள் வீட்டில் யாராவது “இனி விட்டு என்ன பயன்” என்று கூறினால், இந்த எண்களை அவருக்குச் சொல்லலாம்.

இனி அந்த அம்மப்பாவின் கதைக்கு வருவோம். சராசரி என்பது எல்லோருக்கும் ஒரே அளவாக நடப்பதன்று. புகைத்தும் எண்பதைத் தாண்டியவர்கள் அவ்வாய்விலும் இருந்தனர். அம்மப்பாவோடு கூடியிருந்து புகைத்து, ஐம்பத்தைந்தில் இறந்துபோன அவருடைய கூட்டாளிகளை எமக்குக் காட்ட இன்று ஆளில்லை. பிழைத்தவரைத்தான் நாம் பார்க்கின்றோம்.

ஐயத்தை விற்றவர்கள்

உண்மை தெரிந்தபின் உடனே நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கும் என்று நீங்கள் எண்ணக்கூடும். நடந்தது வேறு. 1954 ஜனவரியில் அமெரிக்காவின் சிகரெட் கம்பனிகள் ஒன்றுசேர்ந்து, நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் ஒரே அறிக்கையை வெளியிட்டன. சான்று முடிவானதல்ல, மேலும் ஆராய வேண்டும் என்பதே அதன் சாரம். கம்பனிகளின் இரகசியக் கடிதங்கள் பிற்காலத்தில் வெளிவந்தன. அவற்றுள் 1969இல் எழுதப்பட்ட ஒன்று, பொதுமக்களின் மனத்தில் ஐயத்தை உண்டாக்குவதே தமது வேலை என்று வெளிப்படையாகவே கூறியது. அந்த அமெரிக்கக் கம்பனி, பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் துணை நிறுவனமாக இருந்தது. எமது நாட்டின் இலங்கைப் புகையிலைக் கம்பனியும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

1962இல் லண்டன் ரோயல் வைத்தியர் கல்லூரியும், 1964 ஜனவரி 11இல் அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரி லூதர் ரெரியும் விரிவான அறிக்கைகளை வெளியிட்டனர். அதன் பின்னரே அரசுகள் அசையத் தொடங்கின. 1981இல் ஜப்பானியரான தக்கேஷி ஹிரயாமா இன்னொரு உண்மையை வெளியிட்டார். தாம் புகைக்காத, ஆனால் புகைக்கும் கணவர்மாரோடு வாழ்ந்த மனைவியரிடையே நுரையீரற் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. பொது இடங்களில் புகைத்தலைத் தடைசெய்யும் சட்டங்களுக்கு இத்தகைய ஆய்வுகளே அடிப்படை. வீட்டுக்குள் புகைக்கும் தந்தையோ வாப்பாவோ தமது உடலை மட்டும் பணயம் வைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

எமது பக்கத்துக் கதை: வாய்

இதுவரை சொன்னது நுரையீரலின் கதை. வாவிக் கரையில் வாழும் எமக்கு வாயின் கதை அதனிலும் நெருக்கமானது. இதனைப் பாடநூல்கள் சில வரிகளில் முடித்துவிடுவதால் இங்கு சற்று விரிவாக எழுதுகின்றோம்.

படுவான்கரையில் வேளாண்மைக் காவலுக்கு இரவு வாடியில் தங்குபவரையும், வாவியில் விடியும்வரை தோணியில் வலை வைத்திருப்பவரையும் எண்ணிப் பாருங்கள். உறக்கத்தையும் பசியையும் அடக்க அவர்களிடம் உள்ளது பீடியும் வெற்றிலையும். வீட்டிலே வெற்றிலைத் தட்டத்தில் பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. வந்தவருக்கு முதலில் நீட்டப்படுவதும் அதுவே. கல்யாணம், மரணவீடு, கோயிற் சடங்கு எதிலும் தட்டம் இல்லாமலில்லை. புகைக்காத பெண்களும் மெல்லுகின்றனர். இந்த ஊர்களில் மெல்லாத முதியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1950இன் லண்டனை இங்கே நினைவுகூருங்கள்.

லண்டன் ஆய்வுக்கு 17 ஆண்டுகள் முன்னரே, 1933இல், தென் திருவிதாங்கூரின் நெய்யூரில் இருந்த மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஐயன் ஓர் என்னும் வைத்தியர், வெற்றிலை மெல்வோரிடையே காணப்படும் வாய்ப்புற்றுநோய் பற்றி ‘லான்செற்’ சஞ்சிகையில் எழுதினார். நெய்யூர் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்துத் திருவிதாங்கூர், யாழ்ப்பாணத்துப் புகையிலையின் பெருஞ்சந்தையாக இருந்தது என்பதையும் வரலாறு படிக்கும் நீங்கள் சேர்த்துக்கொள்ளலாம். இலங்கையிலே 1949இல் பல் வைத்தியர் பாலேந்திரா, வெற்றிலை மெல்லுதலுக்கும் கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் புற்றுநோய்க்கும் இருக்கக்கூடிய தொடர்பு பற்றிப் பிரித்தானியப் பல்மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். டொல்லும் ஹில்லும் வெளியிடுவதற்கு ஓராண்டு முன்பு! ஆயினும் சிகரெட்டுக்குக் கிடைத்த கவனம் வெற்றிலைக்குக் கிடைக்கவில்லை. அது ஏழை நாடுகளின் பழக்கமாகப் போனதும் ஒரு காரணம் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோயை உண்டாக்குவது என வகைப்படுத்தியது. 2004இல் வெளியான அதன் நூல் இன்னொரு படி சென்றது: புகையிலை சேராத வெற்றிலைக் கூறும், பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும். “நான் போயிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று சொல்வோர் எமது ஊரில் பலர் உள்ளனர். அவர்களுக்கு இது தெரியாது.

பாக்கு வாயின் உட்தோலின் கீழுள்ள இழையத்தை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றது. ஆரோக்கியமான ஒருவரால் தமது மூன்று விரல்களை நிமிர்த்தி அடுக்கி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையில் நுழைக்க முடியும். இழையம் இறுகியவரால் அது முடியாது. உறைப்பு உண்டால் வாய் எரியும். குதப்பலை ஒதுக்கி வைக்கும் கன்னத்தில் வெள்ளைப் படலமோ சிவப்புப் படலமோ தோன்றலாம். இவை புற்றுநோய் அல்ல, புற்றுநோய்க்கு முந்திய நிலைகள். இந்நிலையில் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவாயினும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்று பொறுத்திருப்பதே மிகப் பெரிய தவறு. தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய் வாயைச் சேர்ந்ததே. ஆனால் அது நுரையீரல்போல் மறைந்திருக்கும் உறுப்பன்று. ஒரு கண்ணாடியும் வெளிச்சமும் இருந்தால் பார்த்துவிடலாம்.

இவ்வாறு பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 1984இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வில், கிராமச் சுகாதார ஊழியர்கள் சுமார் 29,000 பேரின் வாயைப் பரிசோதித்தனர். பயிற்றப்பட்ட ஊழியர்களாலேயே இதனைச் செய்ய முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. குறைபாடு ஒன்றும் தெரியவந்தது: மறுபரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே சென்றனர். பின்னர் 1996 முதல் 2004 வரை திருவனந்தபுரத்தில் நடந்த பேராய்வில், புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரின் வாயைக் கிரமமாகப் பரிசோதித்தமையால், அவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 சதவீதத்தால் குறைந்தது. கருவி எதுவும் தேவைப்படவில்லை.

இலங்கையின் சட்டங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய கட்டமைப்புச் சமவாயம் 2003இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இலங்கை அதனை ஏற்புறுதி செய்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதலாவது நாடு இலங்கையே. இதனை நினைவிற் கொள்க.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபைச் சட்டம் 2006 டிசெம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்றல், விளம்பரம் செய்தல், விளையாட்டு முதலியவற்றுக்கு அனுசரணை வழங்கல், மூடிய பொது இடங்களில் புகைத்தல் ஆகியவற்றை அது தடுக்கின்றது. பெட்டிக்கடைக்கு உங்களை அனுப்பி ஒரு சிகரெட் வாங்கிவரச் சொல்வதும் இதனாலேயே தவறாகின்றது, விற்பவர் குற்றவாளியாவார்.

சிகரெட் பெட்டியில் நோயின் படத்தை அச்சிடும் விடயம் எளிதில் முடியவில்லை. பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படம் இருக்க வேண்டுமென 2012இல் ஒழுங்குவிதி வந்தது. கம்பனி நீதிமன்றம் சென்றது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளவை 50 முதல் 60 சதவீதம் வரை எனக் குறைத்தது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 சதவீதத்தை நிலைநாட்டியது. 2016 செப்ரெம்பரில் மெல்லும் புகையிலை உற்பத்திப் பொருள்களைத் தயாரித்தல், இறக்குமதி செய்தல், விற்றல் என்பன தடைசெய்யப்பட்டன.

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. ஒற்றைச் சிகரெட் வாங்குபவரின் கைக்குப் பெட்டி வருவதில்லை, ஆகவே படமும் வருவதில்லை. வரியால் சிகரெட்டின் விலை ஏறும்போது கையில் காசு குறைந்தவர் பீடிக்கு மாறுகின்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடையைச் சோதிக்கலாம். வீட்டுத் தட்டத்தில் பாக்கோடு புகையிலையைச் சேர்க்கும் கையை அவர் என்ன செய்வார்? 2015இன் நாடளாவிய ஆய்வில், வளர்ந்த ஆண்களுள் நூற்றுக்கு 29 பேரளவில் புகைப்போராகவும், நான்கிலொருவர் அளவில் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோராகவும் காணப்பட்டனர். இரண்டு எண்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

பயிற்சி

1. புற்றுநோயுள்ள 649 பேரில் 2 பேரும், அந்நோயற்ற 649 பேரில் 27 பேரும் புகைக்காதவர்கள். இரண்டையும் சதவீதமாக்கி ஒப்பிடுக.

2. “அளவுக்கேற்ற விளைவு” என்பதை 0.48, 0.67, 1.14 ஆகிய எண்களைக் கொண்டு விளக்குக.

3. சட்டத்தால் சிகரெட்டைக் கட்டுப்படுத்துவதைவிட வெற்றிலை மெல்லுதலைக் கட்டுப்படுத்துவது கடினம். காரணங்கள் இரண்டு தருக.

4. உங்கள் கிராமத்தில் வெற்றிலை மெல்லும் 50 பேரின் வாய்களை மூன்று விரற் சோதனையால் பரிசோதிக்கப் பல் வைத்தியர் ஒருவர் உங்கள் பாடசாலைச் சுகாதாரக் கழகத்தின் உதவியைக் கேட்கின்றார். பதிய வேண்டிய விபரங்களைக் குறிப்பிடுக. ஒப்பிடுவதற்கு, அதே வயதுடைய, மெல்லாத 50 பேரை எங்கே தேடுவீர்கள் என்பதையும் எழுதுக.